பழைய பிக்கப்புக்கு ரயர் வாங்கப் போறியளோ? முதல்ல றிம்மையும் பாரத்தையும் பாருங்கோ

புரட்டாதி கழிஞ்சு ஐப்பசி பிறக்க, எங்கட பக்கம் பரந்தன் சந்தியிலை இருந்து அங்காலை விசுவமடு, புதுக்குடியிருப்பு வரைக்கும் ரயர் கடையளிலை சனம் கூடத் தொடங்கிடும். மழை விழுந்தா வயல் றோட்டு களியாகிடும், தேஞ்ச ரயரோடை உள்ளை போனா வெளியாலை வர உழவு மெசின்தான் வந்து இழுக்கோணும். அதுவும் இப்ப வன்னியிலை ஓடுற பிக்கப்புகளிலை முக்காவாசி பழசு, 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு சொந்தப் பாவனைக்கான வாகனம் திரும்ப இறங்கினது 2025 பெப்ரவரியிலைதான், அந்த இடைக்காலத்திலை இருக்கிற பழசைத்தான் எல்லாரும் திருத்தித் திருத்தி ஓடினவை, இப்பவும் புதுசு எடுக்கிற விலையிலை இல்லை. பழசு எண்டா கை மாறி மாறி வந்திருக்கும், றிம் மாத்தியிருப்பாங்கள், ரயர் மாத்தியிருப்பாங்கள், இப்ப சில்லிலை பூட்டியிருக்கிற சைஸ்தான் கொம்பனி சைஸ் எண்டு நம்பவே ஏலாது. அதாலைதான் இதை எழுதுறன், பிக்கப் புதுசா வாங்கின பொடியள் கனபேர் என்னட்டை கேக்கிற கேள்வியும் இதுதான்: "அண்ணை, என்ன சைஸ் போடலாம்?"

என்ர வண்டியிலை நடந்ததை முதல்ல சொல்லுறன், அதிலையே பாதி விளக்கம் இருக்கு.

என்ரது பழைய ரொயோட்டா சிங்கிள் கப் ஹைலக்ஸ், ரூ வீல் ட்றைவ், அஞ்சு ஓட்டை றிம், 14 இஞ்சி. வாங்கேக்கை பின்னுக்கு ரெண்டு ரயரும் கிட்டத்தட்டப் புதுசு, நல்ல பூ (நிலத்திலை பிடிக்கிற வெட்டு) இருந்தது, எனக்கு சரியான சந்தோசம். அந்த வருசம் அக்கராயன் பக்கம் வெட்டின நெல்லு பன்ரெண்டு மூட்டை ஏத்திக்கொண்டு முறிகண்டிப் பக்கம் வரேக்கை பின்பக்கம் ஆடுற மாதிரி இருந்துது, இறங்கிப் பாத்தா இடப்பக்க ரயரின்ர பக்கச்சுவரிலை தேங்காய்ப் பாதி அளவுக்கு ஒரு வீக்கம். கையை வைச்சுப் பாத்தன், வைக்கேலாத சூடு. மூட்டையை இறக்கி, வேறை வண்டி பிடிச்சு, அண்டைக்கு முழுநாளும் போச்சு. ரயரை வடிவாத் துடைச்சுப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது, அதிலை இருந்த சைஸ் 195/70ஆர்14. அந்த வண்டிக்கு வரவேண்டினது 195ஆர்14சி. எனக்கு வண்டி வித்த ஆளிட்டை கேட்டன், "195 தானே, 14 தானே, கடைக்காரன் அதே சைஸ் எண்டுதான் தந்தவன்" எண்டார். ரெண்டு இலக்கமும் ஒண்டுதான். ஆனா ரயர் ரெண்டும் ரெண்டு சாதி.

ஏன் எண்டு பாப்பம். முதல் இலக்கம் 195 எண்டது ரயரின்ர அகலம், மில்லிமீற்றரிலை. கடைசியிலை நிக்கிற 14 எண்டது றிம்மின்ர விட்டம், இஞ்சியிலை. நடுவிலை கோடு போட்டு வாற 70 எண்டது பக்கச்சுவரின்ர உயரம், ஆனா அது மில்லிமீற்றர் இல்லை, அகலத்திலை நூற்றுக்கு எத்தினை எண்ட கணக்கு. அப்ப 195இலை 70 வீதம், 136.5 மிமீ. நடு இலக்கம் ஒண்டுமே போடாம 195ஆர்14 எண்டு மட்டும் இருந்தா அது பழைய காலத்து முழு உயர ரயர், 80, 82 வீதம் எண்டு எடுத்துக்கொள்ளுங்கோ, கிட்டத்தட்ட 156 மிமீ. இனி முழு ரயரின்ர உயரம் வேணுமெண்டா றிம்மை மில்லிமீற்றராக்கி, அதாவது 14ஐ 25.4ஆலை பெருக்கி, மேலையும் கீழையும் ரெண்டு பக்கச்சுவரையும் கூட்டுங்கோ. 195ஆர்14சி கிட்டத்தட்ட 668 மிமீ வரும், 195/70ஆர்14 629 மிமீ தான். நாலு சென்ரிமீற்றர் வித்தியாசம்! வண்டி ரெண்டு சென்ரிமீற்றர் பதிஞ்சு நிக்கும், மீற்றர் 60 காட்டேக்கை உண்மையிலை 56, 57 தான் ஓடும், ஓடின தூரத்தையும் கூட்டிக் காட்டும், டீசல் கணக்கும் பிழைக்கும்.

ஆனா உயரத்தை விடப் பெரிய விசயம் அந்தக் கடைசி "சி". சி எண்டா பாரம் ஏத்திற வாகனத்துக்கு எண்டு செய்த ரயர், உள்ளுக்கை நூல் கூட, பக்கச்சுவர் தடிப்பு, காத்தும் கூட அடிக்கலாம். சைஸுக்குப் பக்கத்திலை 106/104 ஆர் எண்ட மாதிரி இன்னொரு இலக்கம் இருக்கும் பாருங்கோ, அதுதான் பார இலக்கம், கனபேர் அதை வாசிக்கிறதே இல்லை. அது கிலோ இல்லை, ஒரு அட்டவணை இலக்கம். 91 எண்டா ஒரு ரயர் 615 கிலோ தாங்கும், 96 எண்டா 710, 100 எண்டா 800, 102 எண்டா 850, 106 எண்டா 950, 110 எண்டா 1060. சாய்வுக்கோட்டுக்குப் பிறகு வாற 104 எண்டது பின்னுக்கு ரெட்டைச் சில்லு போட்ட வண்டிக்கு, எங்கட பிக்கப்புக்கு முதல் இலக்கம்தான் கணக்கு. கடைசி எழுத்து வேகம், ஆர் எண்டா 170 கிலோமீற்றர், எங்கட றோட்டுக்கு அதைப்பற்றி யோசிக்கவே தேவையில்லை.

என்ரதிலை பூட்டியிருந்தது 91, காருக்குப் போடுற ரயர். ரெண்டும் சேந்து தாங்கிறது 1230 கிலோ. வெறும் வண்டியிலை பின் அச்சிலை 550 கிலோ அளவு நிக்குது எண்டு வைப்பம், பன்ரெண்டு மூட்டை, மூட்டைக்கு 65 கிலோ எண்டு பிடிச்சா 780, பெட்டி பின் அச்சுக்கு மேலை இருக்கிறபடியா அவ்வளவும் கிட்டத்தட்ட பின்னுக்குத்தான். 1330 வந்திடுது. குழியிலை விழுந்து எழும்பேக்கை அதை விடக் கூட. சரியான சி ரயர் 8 பிளை (நூல் அடுக்கின்ர பலத்தைச் சொல்லுற இலக்கம்) எண்டா ரெண்டும் சேந்து 1900 தாங்கியிருக்கும், கவலையே இல்லை. உங்கட வண்டிக்கு இந்தக் கணக்கை ஊகத்திலை போடாதையுங்கோ, வேய் பிறிட்ஜ் (வண்டியோடை நிறுக்கிற தராசுத் தட்டு) உள்ள ஒரு மில்லுக்குப் போய் வழமையா ஏத்திற பாரத்தோடை பின் சில்லு ரெண்டை மட்டும் தட்டிலை ஏத்தி நிப்பாட்டிப் பாருங்கோ, வாற கிலோவைப் பாதியாக்கினா ஒரு ரயரிலை எவ்வளவு எண்டு தெரிஞ்சிடும். அதுக்கு மேலை ஒரு அஞ்சிலை ஒரு பங்காவது கூடத் தாங்கிற ரயரா எடுங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், கிறவல் றோட்டிலை ஓடுற எங்களுக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேணும்.

இந்த எழுத்துகளை வாசிக்கிறதும் ஒரு வேலைதான். களி காஞ்சு ஒட்டின பழைய ரயரிலை ஒண்டும் தெரியாது. கொஞ்சம் தண்ணி ஊத்தி தேங்காய்த் தும்பாலை உரஞ்சிக் கழுவி, காஞ்சாப் பிறகு பள்ளிக்கூடச் சோக்கட்டியைப் படுக்கப் பிடிச்சு மேலாலை தேயுங்கோ, எழுத்தின்ர மேல்மட்டத்திலை மட்டும் வெள்ளை ஏறி இலக்கம் முழுக்க பளிச்செண்டு எழும்பி வரும். போன்ல ஒரு படம் எடுத்து வையுங்கோ, கடையிலை போய் வாயாலை சொல்லுறதை விட அது நல்லம்.

அடுத்தது கொம்பனி சைஸைக் கண்டுபிடிக்கிறது. ட்றைவர் பக்கக் கதவைத் திறந்தா கதவு நிலையிலை ஒரு ஸ்ரிக்கர் இருக்கும், சில வண்டியிலை டாஷ்போட் பெட்டி மூடிக்கு உள்பக்கம். யப்பானிலை இருந்து நேரை வந்த வண்டி எண்டா எழுத்து யப்பான் மொழியிலை இருக்கும், ஆனா சைஸ் இலக்கம் அதேதான், அதுக்குப் பக்கத்திலை 240 எண்டோ 2.4 எண்டோ இருக்கிறது காத்து அளவு, எங்கட பிஎஸ்ஐ கணக்கிலை 35க்குக் கிட்ட. ஸ்ரிக்கர் உரிஞ்சு போச்செண்டா, வண்டியின்ர மொடல் இலக்கத்தை எஞ்சின் பக்கத் தகட்டிலை பாத்து அதே மொடல் வைச்சிருக்கிற ரெண்டு மூண்டு பேரிட்டை விசாரியுங்கோ, ஒராளிட்டை மட்டும் கேக்காதையுங்கோ.

இப்ப றிம். ரயரை விட இதிலைதான் கூடப் பிழை நடக்குது. றிம்மின்ர உள்பக்கமோ வால்வு ஓட்டைக்குக் கிட்டவோ 14x5½ஜேஜே, 16x6ஜேஜே எண்ட மாதிரி அடிச்சிருக்கும், பெயின்ற்றுக்குக் கீழை மறைஞ்சிருந்தா கம்பி பிறஷ்ஷாலை சுரண்டினா வரும். முதல் இலக்கம் விட்டம், ரெண்டாவது அகலம், ரெண்டும் இஞ்சி. ஒவ்வொரு ரயருக்கும் எந்த அகல றிம்மிலை இருந்து எந்த அகலம் வரை ஏத்தலாம் எண்டு ஒரு அளவு இருக்கு. உதாரணத்துக்கு 265/70ஆர்16க்கு 7 இஞ்சியிலை இருந்து 9 வரைக்கும். அதைக் கொண்டுபோய் 5½ இஞ்சி றிம்மிலை ஏத்தினா ஏறும், காத்தும் நிக்கும், ஆனா நடு உப்பி பூவின்ர நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவிலை வண்டி ரயருக்கு மேலை ஆடும். ஏறுது எண்டதுக்காக அது பொருந்துது எண்டு அர்த்தம் இல்லை.

பழைய றிம்மை மாத்திப் போடுறவை ஓட்டைக் கணக்கை வடிவாப் பாக்கோணும். போர் வீல் ஹைலக்ஸ், மிற்சுபிசி எல்200, பஜெரோ எல்லாம் ஆறு ஓட்டை, எதிர் எதிர் ஓட்டைக்கு இடையிலை 139.7 மிமீ. அளக்கிறது சுகம், ஒரு ஓட்டையின்ர இடது விளிம்பிலை இருந்து நேர் எதிர் ஓட்டையின்ர இடது விளிம்பு வரைக்கும் ரேப்பைப் பிடியுங்கோ. ஆறு ஓட்டை எல்லாம் ஒண்டு எண்டும் நினைக்கக் கூடாது, நிசான் நவாரா டீ40க்கும் ஆறு ஓட்டைதான் ஆனா அது 114.3, ஏறவே ஏறாது. அஞ்சு ஓட்டை எண்டா எதிர் ஓட்டை இல்லை, பக்கத்துப் பக்கத்து ஓட்டைக்கு நடுவிலை இருந்து நடுவுக்கு அளந்து 1.7ஆலை பெருக்குங்கோ, 67 மிமீ வந்தா அது 114.3, என்ர ஹைலக்ஸிலை அதுதான். ஓட்டை பொருந்தினாலும் நடு ஓட்டை ஒண்டு இருக்கு, போர் வீல் ஹைலக்ஸுக்கு 106 மிமீ, எல்200க்கு 67 மிமீ, அப்ப எல்200 அலோய் றிம்மை மலிவாக் கிடைக்குது எண்டு ஹைலக்ஸுக்கு வாங்கினா ஹப் எண்ட நடுக்குடம் உள்ளை போகாது. நட்டும் அப்பிடித்தான், இரும்பு றிம்முக்கு வாறது கூம்பு நட்டு, ரொயோட்டா கொம்பனி அலோயுக்கு வாறது வாஷரோடை தட்டையா இருக்கிற நட்டு, மாத்திப் பூட்டினா இறுகின மாதிரித் தெரியும், ஓட ஓடக் கழரும். தயவுசெய்து இதிலை விளையாட வேண்டாம்.

இன்னும் பழைய வண்டி, லாண்ட் றோவர் மாதிரி, 7.00-16, 7.50-16 எண்டு இஞ்சியிலை எழுதின ரயரோடை இருக்கும். நடுவிலை ஆர் இல்லாம வெறும் கோடு எண்டா அது நைலோன் ரயர், ஆர் எண்டா ரேடியல். ஒரே அச்சிலை ஒரு பக்கம் நைலோன் மற்றப் பக்கம் ரேடியல் போடவே கூடாது, பிறேக் அடிக்கேக்கை ஒரு பக்கம் இழுக்கும். இந்தச் சைஸுகள் கனக்க ரியூப் போடுற சாதி, றிம்மிலை ரயர் இருக்கிற இடத்திலை சின்ன மேடு இல்லையெண்டா, "ரியூப் இல்லாம ஓடலாம்" எண்டு கடைக்காரர் சொன்னாலும் கேக்காதையுங்கோ. கழட்டிற வளையம் வைச்ச றிம் எண்டா வீட்டிலை ஜக் அடிச்சு தானே செய்யப் போகாதையுங்கோ, காத்தோடை அந்த வளையம் தெறிச்சா உயிர் போகும்.

சரி, கொஞ்சம் பெருசாப் போடலாமோ எண்டு எல்லாப் பொடியளும் கேப்பினம். போடலாம், ஆனா அளவு இருக்கு. கொம்பனி உயரத்திலை நூற்றுக்கு மூண்டு வரைக்கும் கூடினாலோ குறைஞ்சாலோ பெரிசா ஒண்டும் தெரியாது எண்டுதான் பொதுவாப் பாக்கிறது. போர் வீல் ஹைலக்ஸிலை வாற 205ஆர்16 கிட்டத்தட்ட 743 மிமீ. அதை எடுத்திட்டு 265/70ஆர்16 போட்டா 777, கிட்டத்தட்ட அஞ்சு வீதம் கூட. மீற்றர் 60 காட்டேக்கை உண்மையிலை 63 ஓடுவியள், அது கூடப் பரவாயில்லை, ஆனா பழைய டீசல் எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் நீண்டு போன மாதிரி ஆகிடும், பாரத்தோடை குளக்கட்டு ஏறேக்கை ரெண்டாம் கியரிலை ஏறினது முதல் கியர் கேக்கும், கிளச் தேயும், பவர் ஸ்டேரிங் இல்லாத வண்டி எண்டா வயல் வரம்புக்குப் பக்கத்திலை திருப்பித் திருப்பித் தோள் மூட்டுக் கழரும். ஸ்டேரிங்கை முழுக்க வெட்டேக்கை மட்காட்டிலையோ ஷாஸியிலையோ உரஞ்சவும் செய்யும்.

அகலம் பற்றி என்ர அபிப்பிராயம், எங்கட மண்ணுக்கு அகலம் தேவையில்லை. மாரியிலை வயல் றோட்டிலை மேலை ஒரு சாண் களி, கீழை இறுகின நிலம், ஒடுங்கின ரயர் களியை வெட்டிக்கொண்டு கீழை போய் பிடிக்கும், அகலமானது மேலையே மிதந்து வழுக்கும். மாட்டு வண்டில் சில்லு எவ்வளவு ஒடுக்கம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அகலம் உதவுறது முல்லைத்தீவுக் கரையிலை மீன் வாடிக்கு மணலுக்குள்ளாலை போறவைக்குத்தான், அவையளும் காத்தைக் குறைச்சா ஒடுங்கினதிலையே சமாளிக்கலாம், திரும்ப தார் றோட்டு ஏற முதல் அடிச்சா சரி. ஏ9 ஓடிற நேரம் கூட எண்டா சாதாரண றோட்டுப் பூ, கிறவலும் காட்டுப்பாதையும் பாதிக்குப் பாதி எண்டா ஏரி (A/T) எண்டு சொல்லுற கலப்புப் பூ. பெரிய கட்டைப் பூ உள்ள எம்ரி (M/T) கடுமையான சேத்துக்கு நல்லம், தார் றோட்டிலை இரைச்சல், மழையிலை பிறேக் தூரம் கூட, சும்மா வடிவுக்கு அதுக்குக் காசு குடுக்காதையுங்கோ.

போர் வீல் வண்டி வைச்சிருக்கிறவைக்கு இன்னொண்டு. நாலும் ஒரே உயரமா இருக்கோணும். பழைய பிக்கப்பிலை போர் வீல் போட்டா முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்திலைதான் சுத்தும், முன்னுக்குப் புது ரயர் பின்னுக்குத் தேஞ்ச ரயர் எண்டா இறுகின றோட்டிலை கியர் பெட்டி முறுகும், லீவரும் கழராது. சந்தேகம் எண்டா ரயரிலையும் நிலத்திலையும் சோக்காலை ஒரு கோடு போட்டு ஒரு சுத்து உருட்டி அளவுங்கோ, முன்னுக்கும் பின்னுக்கும் செய்து பாத்தா உடனை தெரியும்.

வயசு பாக்காம வாங்காதையுங்கோ, குறிப்பா செக்கன்ட் ஹான்ட். பக்கச்சுவரிலை ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ளை நாலு இலக்கம் இருக்கும், 2319 எண்டா 2019ஆம் ஆண்டு இருபத்து மூண்டாவது கிழமை செய்தது. மூண்டு இலக்கம் மட்டும் இருந்தா அது 2000க்கு முதல் செய்தது, அதைக் கிணத்துக் கட்டுக்கு வைக்கலாம். பூ எவ்வளவு இருந்தாலும் எங்கட வெயிலிலை நிண்ட ரயரிலை நகத்தை வைச்சுக் கீறினா சின்னச் சின்ன வெடிப்புத் தெரியும், அதுவும் பக்கச்சுவரிலை எண்டா பாரம் ஏத்த எடுக்காதையுங்கோ. றீபில்ட் பண்ணின (பழசுக்குப் புதுப் பூ ஒட்டின) ரயரை நான் முன்னுக்குப் போட மாட்டன், பின்னுக்கு நல்ல இடத்திலை செய்தது எண்டா ஓடலாம்.

காத்தையும் சொல்லோணும். 106 எண்டு எழுதியிருக்கிற சி ரயர் 950 கிலோ தாங்கிறது அதுக்குச் சொன்ன முழுக் காத்திலை, 8 பிளைக்கு அது 65 பிஎஸ்ஐக்குக் கிட்ட. 30 அடிச்சிட்டு மூட்டை ஏத்தினா நல்ல ரயரும் என்ர பழைய ரயர் மாதிரித்தான் வீங்கும். அதுக்காக வெறும் பெட்டியோடை 65 வைச்சு ஓடாதையுங்கோ, குதிச்சுக் குதிச்சுப் போகும், நடுப்பூ தேயும். ஸ்ரிக்கரிலை வெறும் வண்டிக்கு ஒண்டு, பாரத்துக்கு ஒண்டு எண்டு பின் சில்லுக்கு ரெண்டு அளவு இருக்கும், அறுவடை நேரம் நான் அந்த இலக்கத்தைக் கதவிலை மாக்கராலை எழுதியே வைச்சிருக்கிறன், பெடியள் ஆர் ஓடினாலும் காத்துக் கடையிலை நிண்டு எனக்குக் கோல் எடுக்கத் தேவையில்லை.

பூட்டினாப் பிறகு கடை வாசல்லையே ஸ்டேரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்க வெட்டிப் பாருங்கோ, பிறகு பெட்டியிலை நாலு பேரை ஏத்தி நிப்பாட்டித் திரும்பவும் ஒருக்கா வெட்டிப் பாருங்கோ, உரஞ்சினா சத்தம் கேக்கும், காசு குடுக்க முதல் தெரிஞ்சா மாத்தலாம். ஒரு நூறு கிலோமீற்றர் ஓடினாப் பிறகு நட்டெல்லாம் திரும்ப இறுக்குங்கோ, புது றிம் எண்டா கட்டாயம். ஸ்பெயார் சில்லையும் கீழை இறக்கி அதே சோக்கட்டியாலை தேய்ச்சுப் பாருங்கோ, என்ரதை இறக்கிப் பாத்தபோது அதிலை இருந்ததும் 195/70தான்.